மருந்தே நோயான கதை: ஐரோப்பிய நன்னீர்ச் சிங்கியின் வீழ்ச்சியும் காப்பும்

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பாடம் நடத்தும்போது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பினை விளக்குவது வழக்கம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி அதனோடு ஒட்டி வாழும் உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் மற்றொரு நிலத்தில் வந்து மயங்குதல் குற்றமன்று என்பது இலக்கண முடிபு. இதனைக் கூறி முடித்த ஒரு நாள், இறால் பண்ணைத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "பாட்டில் வேற்று நிலத்து உயிர் வந்தால் குற்றமில்லை என்கிறீர்கள், ஐயா. ஆற்றில் வந்தால் என்னாகும்?" என்று வினவினார்.

வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவை விலங்கியல் துறை நண்பர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் காட்டிய வழியில் படித்தறிந்தவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது, ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஒரு சிற்றுயிரின் வரலாறாகும். நோயால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வரவழைத்த உயிரே அந்நோயைச் சுமந்து திரியும் ஊர்தியாக மாறிய விந்தையையும், எஞ்சிய மண்ணின் உயிர்களைக் காக்க அந்நாட்டார் இன்று மேற்கொள்ளும் முயற்சிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னீர்ச் சிங்கி: ஓர் அறிமுகம்

நம் கடற்கரையில் சிங்கி இறால் என்றும் கல்லிறால் என்றும் வழங்கும் கடலுயிரைப் பலரும் அறிவர். அதனையொத்த உடலும், நண்டினுக்கு உள்ளவை போன்ற இரு வலிய கொடுக்குகளும் உடையதாய், ஆறு, ஓடை, ஏரி முதலிய நன்னீர் நிலைகளில் வாழும் உயிரை ஆங்கிலத்தில் 'கிரேஃபிஷ்' என்பர். பெயரின் ஈற்றில் மீனைக் குறிக்கும் சொல் இருப்பினும் அது மீன் அன்று. நண்டும் இறாலும் சேர்ந்த பத்துக்கால் இனத்தைச் சார்ந்தது. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலேயர் நாவில் திரிந்து, 'மீன்' என்னும் ஈற்றினைப் பெற்றுவிட்டது என்று மொழிநூலார் விளக்குவர். இவ்வுயிரினை 'நன்னீர்ச் சிங்கி' என்றே இக்கட்டுரை குறிக்கும்.

உலகில் அறுநூறுக்கும் மேற்பட்ட நன்னீர்ச் சிங்கி வகைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்திலும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இவை இயல்பாக இல்லை. நம் வயல்களில் அவ்விடத்தை நிரப்பியிருப்பது நண்டு. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் 'கள்வன் பத்து' என்று ஒரு பத்தே உள்ளது. ஈண்டுக் கள்வன் என்பது நண்டு. சேற்றையும் வரப்பையும் அவ்வளவு நுணுகிக் கண்ட நம் புலவர்கள் நன்னீர்ச் சிங்கிக்குப் பெயர் வைக்காதது சொல்வறுமையன்று. பொருள் இல்லாத இடத்தில் சொல் பிறப்பதில்லை.

ஐரோப்பாவிலோ இஃது அறிஞரும் எளியோரும் அறிந்த உயிர். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிவியலறிஞர், விலங்கியலைத் தொடக்க மாணவர்க்குக் கற்பிக்க விரும்பி, நன்னீர்ச் சிங்கி ஒன்றையே பொருளாகக் கொண்டு ஒரு முழு நூல் எழுதினார். 1880ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், ஒரு சிற்றுயிரை முழுமையாக அறிந்தால் உயிரியல் முழுமைக்கும் வாயில் திறக்கும் என்னும் கருத்தில் எழுந்தது. ஸ்வீடன் நாட்டாரோ, ஆகஸ்ட் மாதத்தில் உற்றாரும் நண்பரும் கூடி நன்னீர்ச் சிங்கி உண்பதை ஒரு விழாவாகவே கொண்டாடுவர்.

வெண்கொடுக்குச் சிங்கி

பிரிட்டனுக்குச் சொந்தமான நன்னீர்ச் சிங்கி ஒன்றே ஒன்றுதான். அதன் கொடுக்குகளின் அடிப்புறம் வெளிறிய வெண்மை நிறமுடையதாதலின் அதனை 'வெண்கொடுக்குச் சிங்கி' எனலாம். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளிலும் அயர்லாந்திலும் அது வாழ்கிறது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரை வளரும். பகலில் கல்லிடுக்கிலும் மரவேரிடையிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து, உதிர்ந்த இலை, நீர்ப்பூச்சி, நத்தை, இறந்த மீன் ஆகியவற்றை உண்ணும். நீர்நாயும் நாரையும் மீனும் அதனை உண்ணும். ஆற்றின் அடியில் தங்கும் கழிவினை உணவாக்கி, தானும் உணவாகி, ஆற்றின் உயிர்ச்சங்கிலியில் ஒரு கண்ணியாக அமைவது அதன் தொழில்.

இனப்பெருக்கத்தில் அது மெதுவானது. பருவம் எய்தவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இலையுதிர் காலத்தில் கூடி, பெண் சிங்கி தன் முட்டைகளை வாலின் அடியில் ஒட்டவைத்துக்கொண்டு பனிக்காலம் முழுவதும் சுமக்கும். கோடையின் தொடக்கத்தில் பொரிந்த குஞ்சுகளும் சில காலம் தாயின் உடலைப் பற்றியே வாழும். இவ்வாறு மெல்லப் பெருகும் உயிர், திடீரெனப் பேரழிவு நேர்ந்தால் மீண்டெழ இயலாது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

அப்பேரழிவு 1859ஆம் ஆண்டளவில் வடஇத்தாலியின் போ ஆற்றுப் படுகையில் தொடங்கியது. ஆற்றிலிருந்த சிங்கிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1870களில் அச்சாவு பிரான்சை அடைந்தது. பின்னர் ஜெர்மனி, ரஷ்யா என்று கிழக்கும் வடக்கும் பரவி, 1893இல் ஃபின்லாந்தையும், 1907இல் ஸ்வீடனையும் எட்டியது. ஃபின்லாந்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு விற்பனைக்கு வந்த சிங்கிச் சரக்கில் இறந்தவை ஏரியில் கொட்டப்பட்டதே ஸ்வீடனுக்கு நோய் வந்த வழி என்பர். கொட்டியவர் எத்தீங்கும் கருதியிருக்க மாட்டார். அழுகிய சரக்கைக் கழித்தார், அவ்வளவே.

இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ஜெர்மானிய ஆய்வாளர் ஷிகோரா 1906இல் விளக்கிப் பெயரிட்டார். 'அஃபனோமைசிஸ் அஸ்டாசி' என்பது அதன் அறிவியற்பெயர். தோற்றத்தில் பூஞ்சையைப் போன்றதாயினும் அது பூஞ்சையன்று. நீர்ப்பூசணம் எனப்படும் வேறொரு தொகுதியைச் சார்ந்தது. அது செயற்படும் முறை பின்வருமாறு:

நீரில் நீந்தவல்ல மிக நுண்ணிய வித்துகளை அது வெளிவிடுகிறது. அவ்வித்து, சிங்கியின் உடலிலிருந்து கசியும் பொருள்களை உணர்ந்து அதனை நாடிச் செல்லும். கால்மூட்டு, வயிற்றின் அடிப்புறம் போன்று ஓடு மெலிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, முளைவிட்டு, நூல்போன்ற இழைகளாய் உடலுக்குள் ஊடுருவும். நோயுற்ற சிங்கி இரவு பகல் அறியாது பட்டப்பகலில் வெளியே திரியும். பொய்க்காலில் நிற்பவரைப் போலக் கால்களை விறைத்து நடக்கும். மல்லாந்து விழுந்தால் எழ வலிமை இராது. சில வாரங்களுள் இறந்துவிடும். இறந்த உடலிலிருந்து இழைகள் வெளிப்பட்டுப் புதிய வித்துகளை நீரில் விடும். இவ்வாறு ஓர் ஓடையில் வாழும் சிங்கிகள் அனைத்தும் ஒரே பருவத்தில் மடிந்துபோவதுண்டு. மனிதர்க்கோ மீன்களுக்கோ இந்நோயால் தீங்கு இல்லை. ஆகவே ஆறு தெளிவாகவே ஓடிக்கொண்டிருக்கும். அழிவு நேர்ந்ததே பலருக்குத் தெரியாமற்போகும்.

மருந்தாக வந்த விருந்தினர்

இந்நோயின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள சிங்கிகள் நெடுங்காலமாக அதனோடு வாழ்ந்து பழகியவை. நோயிழை உடலில் நுழைந்தவுடன், அவற்றின் உடல் மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் சுரந்து அவ்விழையைச் சூழ்ந்து உறையிட்டு அடைத்துவிடும். பகைவன் சிறைப்படுகிறான், ஆனால் சாவதில்லை. அச்சிங்கி நலமாகவே தோன்றும். எனினும் ஓடுரிக்கும்போதும், உடல் நலிவுறும்போதும், இறக்கும்போதும் வித்துகளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தை வாழ்ந்து கடந்த நமக்கு, 'அறிகுறி இல்லாத நோய்தாங்கி' என்னும் கருத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் நம்பிக்கையோடு செயற்பட்டோர் இதன் முழு ஆழத்தை அன்று உணர்ந்திலர். ஸ்வீடனில் 'உயர்குடிச் சிங்கி' எனும் பொருள்படப் பெயர் பெற்ற மண்ணின் சிங்கி நோயால் அழிந்துகொண்டே வந்தது. இன்று அதன் பழைய வாழிடங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வெறுமையாகிவிட்டன. அந்நாட்டு நன்னீர் மீன்வள ஆய்வாளர் குன்னர் ஸ்வார்ட்சன், நோயைத் தாங்கும் ஆற்றலுடைய ஒரு மாற்றினத்தைத் தேடினார். வட அமெரிக்காவின் மேற்குக் கரைப்பகுதியைச் சேர்ந்த சிக்னல் சிங்கி அவர் கண்ணிற்பட்டது. அதன் கொடுக்கின் மூட்டில் வெண்மையும் இளநீலமும் கலந்த ஒரு புள்ளி உண்டு. இரயில் காவலர் காட்டும் வெள்ளைக் கொடியைப் போன்று தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. 1960இல் சிறு அளவிலும், 1969 முதல் பேரளவிலும் அது ஸ்வீடன் ஏரிகளில் விடப்பட்டது. உருவமும் சுவையும் உயர்குடிச் சிங்கியை ஒத்திருந்தன. நோயாலும் அது எளிதில் சாகவில்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று மக்கள் மகிழ்ந்தனர்.

மருந்து என்று கருதியது நோயின் ஊற்றாயிற்று. முன்பெல்லாம் நோய் ஓர் ஏரிக்குள் வந்தால், அங்குள்ள சிங்கிகளை எல்லாம் கொன்று, பின் பற்றிக்கொள்ள உயிரின்றித் தானும் அழிந்துபோகும். சில ஆண்டுகள் கழித்து அவ்வேரியில் மண்ணின் சிங்கிகளை மீண்டும் விட்டு வளர்க்க வழியிருந்தது. சிக்னல் சிங்கி குடியேறிய ஏரியில் அவ்வழியும் அடைபட்டது. நோய் அங்கு நிலையான குடியுரிமை பெற்றுவிட்டது. கண்ட இடத்தில் எல்லாம் சிங்கியை விட்டு வளர்க்கும் ஆர்வம் மக்களிடையே பரவியதால், எஞ்சியிருந்த தூய ஏரிகளும் ஒவ்வொன்றாக நோயுற்றன.

பிரிட்டனிலும் இதே பிழை வேறு வடிவில் நேர்ந்தது. 1970களின் நடுவில், உழவர்க்குத் துணை வருவாய் தரும் பண்ணைத்தொழில் என்னும் எண்ணத்தில், அரசின் ஊக்கத்தோடு சிக்னல் சிங்கி இறக்குமதியாயிற்று. பண்ணைக் குளத்திற்கு வேலியிடலாம். இரவில் தரைமேல் நடந்து அடுத்த ஓடையை அடையவல்ல உயிருக்கு வேலி ஏது? 1981இல் அந்நாட்டில் முதன்முறையாகக் கொள்ளைநோய் தோன்றியது.

நோய் ஒன்றே தீங்கன்று. சிக்னல் சிங்கி உருவில் பெரியது, விரைவில் பருவமெய்துவது, நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது, ஒளிவிடங்களிலிருந்து மண்ணின் சிங்கியை விரட்டுவது, மீன்முட்டைகளையும் உண்பது. கரையில் ஒரு மீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு வளை தோண்டி ஆற்றங்கரைகளைச் சரியச் செய்கிறது. உயர்குடிச் சிங்கியின் பெண்ணோடு சிக்னல் ஆண் கூடினால் இடப்படும் முட்டைகள் பொரிவதில்லை. அவ்வாண்டின் தலைமுறையே வீணாகிறது. தன் தாயகமான அமெரிக்காவிலேயே கூட, தனக்கு உரியதல்லாத ஆறுகளில் கொண்டு விடப்பட்டபோது அது இதே தீங்கைச் செய்தது. கலிஃபோர்னியாவில் அதன் உறவினமான கரிநிறச் சிங்கி முற்றிலும் அழிந்துபோனதில் சிக்னல் சிங்கிக்கும் பங்குண்டு என்பர். ஆகவே குற்றம் உயிரினுடையதன்று. அதனை இடம் மாற்றிய கையினுடையது.

இதில் மனித வாழ்வாதாரமும் அடங்கியுள்ளது. துருக்கி நாட்டு ஏரிகளில் பிடிபட்ட சிங்கி ஐரோப்பாவிற்குப் பெருமளவில் ஏற்றுமதியாகி வந்தது. 1984இல் நோய் அங்குப் பரவத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 டன்னாக இருந்த பிடிப்பு, 1991ஆம் ஆண்டளவில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. ஸ்வீடனிலோ நிலைமை மாறானது. வாட்டெர்ன் போன்ற பேரேரிகளில் சிக்னல் சிங்கி பிடித்தே இன்று பலர் வாழ்கின்றனர். அயலினத்தை அகற்ற வேண்டும் என்பாரும், அதனால் பிழைப்போரும் ஒரே ஊரில் வாழும்போது சட்டம் இயற்றுவதும் எளிதன்று.

அயர்லாந்து உணர்த்தும் பாடம்

சிக்னல் சிங்கி குடியேறாத நாடு என்னும் பெருமை அயர்லாந்திற்கு உண்டு. ஆகவே அங்கு வெண்கொடுக்குச் சிங்கி அச்சமின்றி வாழும் என எதிர்பார்த்தனர். ஆனால் 1987இல் ஒருமுறை நோய் அங்குத் தோன்றி மறைந்தது. பின்னர் 2015இல் மீண்டும் தலைகாட்டி, 2017இல் ஷூர், பாரோ முதலிய ஆறுகளில் அடுத்தடுத்துப் பரவிப் பெருஞ்சாவினை விளைத்தது.

நோய்தாங்கி இல்லாத நாட்டிற்கு நோய் எவ்வாறு வந்தது? ஈரமான வலையும், தூண்டிற்கருவியும், இரப்பர்க் காலணியும், படகுமே அதன் ஊர்திகள் என்று ஆய்வாளர் கருதுவர். நோயுற்ற ஆற்றில் இறங்கியவர், காலணியை உலர்த்தாமல் மறுநாள் வேற்றாற்றில் இறங்கினால் போதும். ஒரு துளி ஈரத்தில் நுண்வித்து உயிரோடிருக்கும். நன்கு உலர்ந்துவிட்டாலோ அது மடிந்துவிடும். ஒரு நாட்டின் உயிரினத்தை அழிக்கும் ஆற்றலும், அதனைத் தடுக்கும் ஆற்றலும் ஒரு காலணியின் ஈரத்தைப் பொறுத்திருப்பது வியப்பினும் வியப்பே.

கொள்ளைநோய் தோன்றிய ஊருக்குள் வெளியார் செல்ல வேண்டா. அவ்வூரில் இருப்போர் அதனை விட்டு வெளியேறவும் வேண்டா என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். மருந்தில்லா நோய்க்கு வரம்பே மருந்து என்னும் அவ்வறிவுரையின் உண்மையை, ஆறறிவு இல்லாத ஆற்றுயிர்களின் நோயும் மெய்ப்பிக்கின்றது. சிங்கிகளுக்கு அவ்வரம்பை வகுத்துக்கொள்ளத் தெரியாது; அவற்றின் பொருட்டு நாமே வகுக்க வேண்டும்.

காக்கும் முயற்சிகள்

இன்று மேற்கொள்ளப்படும் முயற்சிகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, சட்டம். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் வெண்கொடுக்குச் சிங்கி பாதுகாப்புப் பெற்றது. 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடக் காப்பு நெறிமுறையிலும் அது இடம்பெற்றது. அயலினச் சிங்கிகளை உயிரோடு வைத்திருப்பதற்கு 1996இல் பிரிட்டனில் கட்டுப்பாடு வந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட தீங்குதரும் அயலினங்களின் முதற்பட்டியலில் சிக்னல் சிங்கி உள்ளிட்ட ஐந்து அயற்சிங்கிகள் சேர்க்கப்பட்டன. சட்டங்கள் நல்லவையே, ஆனால் அவை வந்தபோது பல ஆறுகள் கைவிட்டுப் போயிருந்தன.

இரண்டாவது, அயலினத்தைக் களைதல். பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து உண்டு தீர்க்கலாமே என்பது பலருக்கும் தோன்றும் எண்ணம். அனுபவம் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. கூண்டில் பெரியவையே சிக்கும். சிறியவற்றைத் தின்று கட்டுப்படுத்தி வந்த பெரியவை அகன்றதும் குஞ்சுகள் பல்கிப் பெருகும். வட யார்க்‌ஷயரின் ஓடையொன்றில் நீரை வடித்துவிட்டு எண்ணிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அங்கிருந்த சிக்னல் சிங்கிகளுள் கூண்டில் பிடிபடும் அளவு வளர்ந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே என அது காட்டியது. கூண்டை ஆற்றுக்கு ஆறு தூக்கிச் செல்வோரே நோயையும் சுமந்து செல்லும் இடரும் உண்டு. மூடிய சிறு குளங்களில் மட்டும் மருந்திட்டு அயலினத்தை முற்றும் அழித்த நிகழ்வுகள் ஒருசில உள. ஓடும் ஆற்றில் அது கைகூடாது.

மூன்றாவது, புகலிடம் அமைத்தல். நூஹ் நபியவர்களின் கப்பலை நினைவூட்டும் வகையில் இவற்றைக் 'கப்பல் இடங்கள்' என்றே அந்நாட்டார் அழைப்பர். கைவிடப்பட்ட கற்சுரங்கக் குட்டை, சரளைக்கல் தோண்டிய பள்ளம், பிற ஆற்றோடு தொடர்பில்லாத ஊற்றோடை ஆகியவற்றை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கின்றனர். நீர் தூய்மையாக இருக்க வேண்டும். ஒளிய இடம் வேண்டும். அண்மையில் சிக்னல் சிங்கி இருக்கலாகாது. தூண்டிற்காரர் நடமாட்டமும் கூடாது. அழியும் நிலையிலுள்ள ஆற்றிலிருந்து நோயற்ற வெண்கொடுக்குச் சிங்கிகளைச் சேர்த்து அங்கே விடுகின்றனர். பிரிஸ்டல் விலங்கியல் சங்கத்தார் இவற்றைத் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்வித்து, குஞ்சுகளை இத்தகைய புகலிடங்களில் விட்டு வருகின்றனர்.

நான்காவது, வருமுன் காத்தல். 'சோதி, கழுவு, உலர்த்து' என்பது 2011 முதல் பிரிட்டனில் பரப்பப்படும் முழக்கம். நீர்நிலையிலிருந்து எழுந்தவுடன் கருவிகளில் ஏதேனும் ஒட்டியுள்ளதா எனச் சோதித்து, கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே வேற்று நீரில் இறங்க வேண்டும். அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. ஆற்றில் ஒரு குடுவை நீர் எடுத்து, அதில் கரைந்துள்ள மரபணுத் துகள்களை ஆராய்ந்தே அங்கு நோய்வித்து உண்டா, சிங்கி உண்டா என்று அறியும் முறை இன்று வழக்கிற்கு வந்துள்ளது. சாவு நேரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை இதனால் மாறி வருகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நோயுயிரின் கிளைகளுள் சில வீரியம் குறைந்தவை எனவும், ஃபின்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளில் மண்ணின் சிங்கிகள் சில அக்கிளைகளைத் தாங்கி உயிர்வாழ்கின்றன எனவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இயற்கை தன் வழியைத் தானே தேடக்கூடும். அதற்கு வேண்டிய காலத்தை அளிப்பதே காப்போர் கடமை.

தொட்டியிலிருந்து வந்த துன்பம்

இவ்வரலாறு ஐரோப்பாவோடு முடியவில்லை. 1990களின் நடுவில் ஜெர்மனியின் வண்ணமீன் தொட்டிகளில் உடல் முழுதும் பளிங்குக்கோலம் படர்ந்த ஒரு சிங்கி தோன்றியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பகுதிச் சிங்கி ஒன்றிலிருந்து பிறந்த அவ்வகையில் ஆண் இல்லை, அனைத்தும் பெண். ஆணின் துணையின்றியே முட்டையிட்டுத் தன்னையொத்த பெண்களையே ஈனும். ஆகவே ஒற்றைச் சிங்கி ஓர் ஏரியை நிரப்பப் போதுமானது. 2018இல் அதன் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது, எங்கெங்கும் பரவியிருந்தவை யாவும் ஒரே தாயின் படிகள் என்பது உறுதியாயிற்று.

இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவினை அது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைந்தது. நெல்வயல்களிலும் ஓடைகளிலும் பெருகிச் சந்தையில் விலைபோகும் உணவாயிற்று. எளிய மக்களுக்கு உணவு கிடைத்தது உண்மையே. ஆனால் அத்தீவுக்கே உரிய, உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர்ச் சிங்கிகள் அதன் மலைக்காட்டு ஓடைகளில் வாழ்கின்றன. வந்தது வயலோடு நில்லாமல் மலையேறினால் அவற்றின் நிலை என்னாகும் என்பதே அறிஞர்தம் கவலை.

நமக்குரிய படிப்பினை

நன்னீர்ச் சிங்கி நம் நாட்டுக் கருப்பொருள் அன்று என்று முன்னர்க் கூறினோம். எனினும் இப்பாடம் நமக்கும் உரியது. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, 'ஜிலேபி' எனப் பெயர் பெற்று நம் குளங்களில் நிறைந்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு 2000ஆம் ஆண்டில் தடை வந்தபோது அது பல நீர்நிலைகளில் புகுந்திருந்தது.

என்னை வினவிய மாணவரின் குடும்பத் தொழிலே சிறந்த சான்று. 1994 முதல் வெண்புள்ளி நோய் நம் கிழக்குக் கடற்கரையின் இறால் பண்ணைகளைத் தாக்கிப் பலரைக் கடனாளியாக்கியது. பின்னர், 2009இல் வன்னாமி என்னும் அமெரிக்க இறாலை வளர்க்க அரசு இசைந்தபோது, பழைய பட்டறிவு துணை நின்றது. நோயற்ற தாய் இறால்களை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்றும், சென்னை நீலாங்கரையில் அமைந்த தனிமைக்காப்பு நிலையத்தில் அவற்றை வைத்துச் சோதித்த பின்னரே பொரிப்பகங்களுக்கு அனுப்பலாம் என்றும் விதி வகுக்கப்பட்டது. 1960களில் ஸ்வீடன் செய்யத் தவறியதன் ஒரு கூறு இஃது எனலாம். அயலுயிர் எதுவும் வரவே கூடாது என்பதன்று நம் வாதம். வருவதன் உடலில் எது மறைந்து வருகிறது என்று கேளாமல் வாயில் திறக்கலாகாது என்பதே.

தனிமனிதர்க்கும் இதில் பங்குண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனோ சிங்கியோ சலித்துவிட்டால், கொல்ல மனமின்றிக் கோயிற்குளத்திலோ பள்ளிவாசல் ஹவுளிலோ ஏரியிலோ விட்டுவிடுவோர் உளர். ஓர் உயிர்மேல் காட்டும் அவ்விரக்கம் ஆயிரம் உயிர்களுக்குக் கொடுமையாக முடியக்கூடும். கடையில் திருப்பிக் கொடுப்பதோ, வளர்க்க விரும்புவாரிடம் ஒப்படைப்பதோ தக்கது.

முடிவுரை

ஐரோப்பாவின் நன்னீர்ச் சிங்கியை அழித்தோருள் கொடியவர் எவரும் இலர். அழுகிய சரக்கைக் கொட்டிய வணிகரும், வெறுமையான ஏரிகளை நிரப்ப விரும்பிய ஆய்வாளரும், உழவர்க்கு வருவாய் தேடிய அலுவலரும், ஈரக் காலணியோடு அடுத்த ஆற்றில் இறங்கிய தூண்டிற்காரரும் நல்லவர்களே. நன்மை கருதிச் செய்ததாயினும், அறியாமையோடும் விரைவோடும் செய்தால் தீமையாய் முடியும். ஓடும் நீரில் செய்த பிழையைத் திரும்ப அள்ளவும் இயலாது.

நீரும் அதில் வாழும் உயிரும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெற்றவாறே திருப்பித் தருவது அமானிதத்தின் இலக்கணம். மாணவரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம்: பாட்டில் கருப்பொருள் மயங்கினால் பொருள் கொள்ளும் பொறுப்பு உரையாசிரியரோடு முடிந்துவிடும், ஆற்றில் மயங்கினால் அதன் விளைவைப் பின்வரும் தலைமுறைகள் எல்லாம் சுமக்க வேண்டும். அடுத்த முறை கருப்பொருட் பாடம் நடத்தும்போது இவ்விடையையும் சேர்த்தே கூறுவேன். அவ்வினாவை எழுப்பிய மாணவர்க்கு இக்கட்டுரை உரியது.